தீமைக்கு நன்மை என்று பெயர் வைத்தவன்

பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத நீண்ட வாக்கியம் ஒன்று உண்டு. உபன்யாசங்களில் அதன் பின்பாதியை அடிக்கடி கேட்கலாம். ஒருவன் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் பெருமாளின் ஊரைச் சொல்லிவிடுகிறான். இன்னொருவன் மகனைக் கூப்பிடப் போய் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறான். வேறொருவன் வீட்டுத் திண்ணையில் அடியார்கள் நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கிவிட்டுப் போகிறார்கள். செய்தவனுக்கு ஒன்றுமே தெரியாது; ஆனாலும் அவன் கணக்கில் புண்ணியம் ஏறிவிடுகிறது. அஜ்ஞாத சுகிர்தம் என்று இதற்குப் பெயர். தெரியாமலே நாமும் எவ்வளவோ சேர்த்திருப்போம் என்ற நிம்மதியோடு கூட்டம் கலையும்.

அதே வாக்கியத்தின் முன்பாதியில் கடவுள் கண்ணீரோடு திரும்பிப் போகிறான். அதையும் சேர்த்துப் படித்தால் இந்த நிம்மதி தங்குமா என்பது என் சந்தேகம். வாக்கியம் முழுவதிலும் ஓயாமல் வேலை செய்கிறவன் ஒருவன்தான், அது நாம் இல்லை. மூல வரிகளை எடுத்து வைக்காமல், அவற்றின் பொருளை மட்டும் வரிசை மாறாமல் என் சொற்களில் சொல்லிக்கொண்டே போகிறேன். தெரிந்தவர்கள் மூலத்தை மனத்தில் ஓட்டிக்கொள்ளலாம்.

நூலைப் பற்றிச் சுருக்கமாக. நம்பிள்ளையின் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன் பிள்ளை லோகாசாரியர். திருவரங்கத்தில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்து, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதி வரை வாழ்ந்தவர். ஆசாரிய ஹிருதயம் எழுதிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அவருடைய தம்பி. திருவரங்கத்துக்குக் கிழக்கே இருக்கும் காட்டழகிய சிங்கர் கோயிலில் அவர் ரகசியப் பொருள்களைச் சீடர்களுக்குச் சொல்லி வந்தார் என்பது மரபு. அவர் எழுதிய 18 ரகசிய நூல்களில் பெரும் பெயர் பெற்றது ஸ்ரீவசன பூஷணம். 460-க்குச் சற்று அதிகமான சூத்திரங்கள், எல்லாம் மணிப்பிரவாளம். நூறாண்டு கழித்து மணவாள மாமுனிகள் (1370–1443) அதற்கு உரை செய்தார். கீழே சில இடங்களில் நான் சாய்ந்துகொள்வது அந்த உரையின் மேல்தான்.

நம் வாக்கியம் வருவது நூலின் கடைசிப் பகுதிகளில், பகவானின் காரணமற்ற கிருபையைப் பேசும் இடத்தில். அங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஜீவன் எந்தக் காலத்திலோ தொடங்கிப் பகவானை விட்டு விலகியே போய்க்கொண்டிருக்கிறான். நல்லவர்களோடு பேச வேண்டும், ஓர் ஆசாரியனிடம் போக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு எப்படி முளைக்கும்? முளைப்பதற்கு முந்தின நொடியில் என்ன நடந்தது? வைணவ ஆசாரியர்கள் இதற்கு ஆறு படிகள் கொண்ட ஏணி ஒன்று சொல்வார்கள். ஈசுவரனின் நல்ல மனம், தற்செயலான சுகிர்தம், அவனுடைய கடாட்சம், பகை ஒழிதல், அவன் பக்கம் முகம் திரும்புதல், சாத்துவிகர்களோடு பேச்சு. அதன் பிறகு ஆசாரியன். தெரியாமல் செய்த புண்ணியம் இதில் இரண்டாவது படி. முதல் படியில் நாம் செய்தது எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் வாக்கியத்துக்குள் வழி தவறாது.

நான் எடுத்துக்கொள்ளும் முதல் துண்டு ஒரு தாயையும் உறங்கும் குழந்தையையும் காட்டுகிறது. குழந்தை தூங்குகிறது, தாய் பின்பக்கமாக அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அதுபோல இந்த ஜீவன் கண்ணுக்குத் தென்படாமல் இவனுக்குள்ளேயே இருந்துகொண்டு, இவன் இருப்பையே தாங்கிக்கொண்டிருக்கிறான் ஈசுவரன். அந்தர்யாமித்துவம் என்று வேதாந்தம் கனமாகச் சொல்வதை ஒரு படுக்கையில் கொண்டுவந்து கிடத்திவிடுகிறார் லோகாசாரியர். அணைப்பு முதுகுப் பக்கம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தை விழித்தாலும் முதலில் எதிர்ச் சுவரைத்தான் பார்க்கும். தாய் அதை எழுப்புவதுமில்லை. தான் அணைத்திருப்பதை அது அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதுமில்லை. ஆக, ‘தெரியாமல்’ என்பது புண்ணியத்தில் தொடங்கவில்லை. நமக்குத் தெரியாமல் நம்மைத் தாங்குவது அவன் வழக்கம். நமக்குத் தெரியாமல் நம் பேரில் வரவு வைப்பது அதே வழக்கத்தின் அடுத்த வேலை.

இரண்டாவது துண்டு கொஞ்சம் சங்கடமானது. ஜீவன் கெட்ட வழியில் இறங்கும்போது ஈசுவரன் தடுக்கவில்லை. அனுமதி தந்துவிட்டு, எதிலும் பட்டுக்கொள்ளாதவனைப் போல நிற்கிறான். இதன் பின்னால் ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யம் நிற்கிறது. முதல் முயற்சி ஜீவனுடையது, அதற்கு அனுமதி தந்து நடத்துவது ஈசுவரன் என்பது அங்கே முடிவான பொருள். ஜீவனுக்கு அறிவும் விருப்பமும் கொடுத்துவிட்டு, அவன் விருப்பப்பட்டபோதெல்லாம் கையைப் பிடித்தால் கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை. ஆனால் லோகாசாரியர் அத்தோடு நிற்கவில்லை. பட்டுக்கொள்ளாதவனைப் ‘போல’ என்கிறார். வெளியே அப்படித் தெரிகிறதே தவிர உள்ளே நடப்பது வேறு. இவனைத் திருப்பிக்கொண்டு வர எங்கேயாவது இடம் அகப்படுமா என்று அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம்.

என்ன இடம்? இங்கேதான் வாக்கியத்தின் உயிர் இருக்கிறது. அவன் இவனிடம் நன்மை எதையும் தேடவில்லை. அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. நன்மை என்று பெயர் வைத்துவிடக்கூடிய ஏதாவது ஒரு தீமை கிடைக்குமா என்று பார்க்கிறான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திகைப்பு உண்டு. தர்மத்தைக் காப்பவன் என்று சாத்திரங்கள் யாரைப் பாடுகின்றனவோ, அவனே இங்கே பெயரை மாற்றிப் போடத் தயாராக நிற்கிறான். தீமை தீமையாகவே இருக்கட்டும், அதன் மேல் ஒட்டும்படி நல்ல பெயர் ஒன்று கிடைத்தால் போதும். அப்படி ஒரு தீமைகூட இவனிடம் கிடைக்கவில்லை என்று வாக்கியம் மேலே போகிறது.

அடுத்த துண்டில் அவன் இவனுடைய நெற்றியைக் கொத்திப் பார்க்கிறான். ஈரப்பசை ஏதாவது தென்படுகிறதா? இல்லை. விழுந்து கிடப்பவனிடம் உயிர்க்குறி தேடுகிறவனின் பதற்றமாக இதைக் கொள்ளலாம். எந்த வழியிலும் பசை தென்படாமல் போகவே, இவன் நமக்குக் கிட்டமாட்டான் என்று கண்ணீரோடு மீள்கிறான்.

இந்தக் கண்ணீரை எந்த உரையும் முழுமையாகச் சமாதானப்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். எல்லா வல்லமையும் உடையவன், காரணம் இல்லாமல் அருள்பவன், ஏன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்? அப்படியே தூக்கிக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? கேட்பார்கள் என்பதே சம்பிரதாயத்தின் விடை. காரணமின்றி ஒருவனை எடுத்தால் மற்றவனை ஏன் விட்டான் என்ற கேள்வி வரும். எல்லோரையும் எடுத்தால் இத்தனை காலம் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். கர்மம், பலன் என்று அவனே எழுதிய சாத்திரம் பொய்யாகிவிடும். அதனால் அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும்.

வேதாந்த தேசிகர் (1268–1369) இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். கருணை அவனுடையதுதான். ஆனால் சரணாகதி என்று ஒன்றை ஜீவன் செய்தாக வேண்டும். அது வியாஜம், அதாவது அருளுவதற்கு ஒரு சாக்கு. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி ஒரு பக்கம், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி ஒரு பக்கம் என்று வடகலை, தென்கலை வேற்றுமையைச் சொல்லும் பழைய வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வழக்கு இந்த வாக்கியத்துக்குப் போதாது. இரண்டு பக்கத்தாருமே சாக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அதை யார் கொண்டுவருவது என்பதில்தான் பிரிகிறார்கள். ஜீவன் கொண்டுவரட்டும் என்கிறார் தேசிகர். ஜீவனிடம் அதுவும் இல்லை, அழுதுவிட்டுத் திரும்பி வந்து அவனே தயாரித்துக்கொள்வான் என்கிறார் லோகாசாரியர். வாதமாகப் பார்த்தால் தேசிகரின் கட்டுமானம் உறுதியானது. ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். லோகாசாரியருடையதில் ஓட்டை தெரிகிறது, அதை அவர் மூடவும் இல்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி எல்லோருக்கும் தெரிந்த ஐந்து துண்டுகள். பல பிறவிகள் பார்த்துப் பார்த்து, கடைசியில் காலை ஊன்றிக்கொள்ளக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. உடனே அவன் இவனை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்குகிறான், நீ இதைச் செய்தாய், நீ அதைச் செய்தாய் என்று.

ஒன்று, அவன் ஊரைச் சொன்னது. ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறவன் நடுவில் ஒரு திவ்விய தேசத்தையும் சொல்லிவிடுகிறான். இதற்கு நம் காலத்து உதாரணம் வேண்டுமானால் திருச்சிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்கலாம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ‘ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்’ என்று கூவுவது ஆள் ஏற்றத்தான். ஒரு நாளில் அந்தப் பெயரை அவர் உச்சரிக்கும் தடவைகளை ஜபம் செய்கிறவர்கள்கூட எட்டுவது கடினம். அவர் எந்த மதத்தவர், கோயிலுக்குள் போயிருக்கிறாரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இரண்டு, பெயரைச் சொன்னது. உடனே நினைவுக்கு வருகிறவன் பாகவதத்தின் ஆறாம் கந்தத்து அஜாமிளன். சாகும் நேரத்தில் கடைசி மகனை ‘நாராயணா’ என்று கூப்பிட்டான், விஷ்ணு தூதர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் அஜாமிளன் கதையில் மரணத்தின் நெருக்கடி இருக்கிறது, எமதூதர்களோடு பெரிய தர்க்கம் இருக்கிறது. லோகாசாரியருக்கு அந்த நாடகம் எதுவும் தேவையில்லை. சும்மா இருக்கும்போது சொன்னாலும் எடுத்துக்கொள்கிறான். தமிழ்நாட்டில் அவன் பெயர் படும் பாட்டைப் பார்த்தால், தீமைக்கு நல்ல பெயர் வைப்பதன் அருமை இன்னும் விளங்கும். சீட்டுப் பணம் போய்விட்டால் ‘கோவிந்தா’ என்கிறோம். ஏமாற்றுவதற்கு ‘நாமம் போடுவது’ என்று பேர். கடன் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தவன் வயிற்றெரிச்சலில் சொல்லும் கோவிந்தாவையும் அந்தப் பேரேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் இந்த வாக்கியத்தின் தர்க்கம் போகிறது. பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் தேடுகிறவன் தேடுவதே நன்மையாகப் பெயர் மாற்றக்கூடிய தீமையை என்றால், இதைவிடப் பொருத்தமான சரக்கு அவனுக்கு எங்கே கிடைக்கும்?

மூன்றாவதிலிருந்து திசை மாறுகிறது. இனி வருவன எவையும் அவனுக்குச் செய்தவை அல்ல. அவன் அடியார்களுக்கு நேர்ந்தவை. ஐந்தில் மூன்று பங்கு. பகவானைவிட அவன் அடியாரும் ஆசாரியனும் மேல் என்பது இந்த நூல் முழுவதும் ஓடும் சரடு. சொந்தக் கணக்கை எழுதும்போதுகூட அவனுக்குத் தன்னைவிடத் தன் ஆட்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

அடியார்களை நோக்கியது, அதாவது காத்தது, மூன்றாவது. மாமுனிகள் வழியில் இதற்குச் சொல்லும் கதை சுவையானது. அடியார்கள் காட்டு வழியே போகிறார்கள். கள்வர்கள் பதுங்கியிருக்கிறார்கள். அந்த நேரம் பின்னால் ஒரு போர்ச்சேவகன் தன் வேலையாக வருகிறான். இவர்களுக்குக் காவலாக வருகிறவன் போலிருக்கிறது என்று கள்வர்கள் ஓடிவிடுகிறார்கள். சேவகனுக்குக் கள்வர்கள் இருந்ததும் தெரியாது, தப்பித்தவர்கள் யார் என்பதும் தெரியாது. முன்னால் நாலு பேர் நடந்து போனதை அவன் கவனித்திருந்தாலே அதிகம். கள்வர்களின் தப்புக்கணக்கில் பிறந்த புண்ணியம் இது. அதில் சேவகன் போட்ட முதல், அந்த வழியில் நடந்தது மட்டும்.

இந்தக் கதைக்கு நேர் எதிரான ஒன்று மூல ஆசிரியரின் சொந்த வாழ்க்கையில் நடந்தது. 1323-இல் டில்லி சுல்தானகத்து உலூக் கானின் படை தெற்கே வந்தபோது, முதுமையில் இருந்த லோகாசாரியர் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைத் திருவரங்கத்திலிருந்து எழுந்தருளப் பண்ணிக்கொண்டு மதுரைப் பக்கம் போனார் என்கிறது மரபு. வழியில் கள்வர்கள் மறித்துத் திருவாபரணங்களைப் பறித்தார்கள் என்றும், அவர் தம்மிடம் இருந்ததையும் அவர்களிடம் கொடுத்துவிட்டார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பின்னால் எந்தச் சேவகனும் வரவில்லை. மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் உயிர் நீத்தார். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371-இல். காட்டு வழியில் தற்செயலாக ஒருவன் வந்து சேர்வதன் விலை இந்த மரபுக்கு நன்றாகத் தெரியும்.

நான்காவது, அவர்கள் தாகத்தைத் தீர்த்தது. ஒருவன் தன் வயலுக்கு ஏற்றம் இறைத்துக்கொண்டிருக்கிறான். வெயிலில் வந்த அடியார்கள் வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் காலை அலம்பி, குடித்து, இளைப்பாறிப் போகிறார்கள். அவன் இறைத்தது பயிருக்கு. சித்திரை மாதத்தில் முச்சந்தியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோமே, அது இந்தத் துண்டில் சேராது. அது நல்ல காரியம், அதன் பலனும் தனி. தெரிந்து, நினைத்து, இதனால் இது வரும் என்று செய்யும் தர்மத்தின் கணக்கு வேறு ஏட்டில் இருக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது வாய்க்காலில் போகிற போக்கில் பிறர் குடித்த தண்ணீரை மட்டும்.

ஐந்தாவது, ஒதுங்க நிழல் கொடுத்தது. ஒருவன் வீட்டுக்கு முன்னால் புறந்திண்ணை கட்டுகிறான். எதற்கு? சூதாட. ஆட்டம் இல்லாத பொழுதில் மழைக்கோ வெயிலுக்கோ அடியார்கள் வந்து அங்கே ஒதுங்குகிறார்கள். ஐந்திலும் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. கட்டிய நோக்கம் தெளிவாகக் கெட்டது. கட்டினவன் அதை மறைக்கவும் இல்லை. முன்னே தேடினானே நன்மை என்று பெயர் வைக்கத்தக்க ஒரு தீமை, அது இதோ கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

நிழல் கொடுப்பதற்கு அந்தச் சூதாடி ஒரே ஒரு விதத்தில் தகுதி பெற்றிருந்தான்: அவன் திண்ணை தெருவைப் பார்த்து இருந்தது. ஏற்றக்காரனுடைய தண்ணீர் அவன் வரப்பைத் தாண்டி வழிப்போக்கர் கைக்கு எட்டியது. சேவகன் பொதுவழியில் நடந்தான். தெரியாத புண்ணியம் சேர்வதற்கு வாழ்க்கையில் இப்படி வெளிப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்போல. இன்றைய வீடுகளை நினைத்தால் ஈசுவரன் பாடு திண்டாட்டம்தான். திண்ணை போய்விட்டது. காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடிச் சில்லு, கேட்டில் நாய் ஜாக்கிரதைப் பலகை. ஆழ்குழாயிலிருந்து மோட்டார் தண்ணீரை நேராக மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. குழாய்க்கு வெளியே ஒரு சொட்டு தெரிவதில்லை. அடுக்குமாடிகளின் நிழலும் வாசல் காவலாளியின் அனுமதி பெற்ற பிறகே விழும். சாக்கு தேடுகிறவனுக்கு நாம் விட்டுவைத்திருக்கும் இடம் குறைவு. நல்லவேளையாக ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இன்னும் இருக்கின்றன.

இந்த ஐந்தையும் யாத்ருச்சிகம், பிராசங்கிகம், ஆநுஷங்கிகம் என்று மூன்று கொத்தாகச் சொல்கிறது மூலம்: தற்செயலாக நேர்ந்தது, வேறொரு பேச்சின் ஊடே வந்தது, வேறொரு காரியத்தின் கூடவே ஒட்டிக்கொண்டு நடந்தது. எது எந்தக் கொத்தில் என்று பிரிப்பதில் பெரிய லாபம் இல்லை. மூன்றிலும் இல்லாத ஒன்றுதான் முக்கியம், அது நினைவு.

அடுத்து வருவது பொன் வாணியன். மாற்றுப் பார்க்கப் பொன்னை உரைகல்லில் உரைக்கிறான். கல்லில் ஒரு கீற்று படிகிறது. கையால் வழிக்க முடியாது, ஊதினால் பறந்துவிடும். மெழுகு உருண்டையால் ஒற்றி எடுக்கிறான். ஒவ்வோர் உரைப்புக்கும் ஓர் ஒற்று. நாள்பட அந்த மெழுகுக்குள் கால் கழஞ்சு பொன் தேறிவிடுகிறது. மூலம் அளவையே சொல்லிவிடுகிறது. சோழர் காலக் கணக்கில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, ஆகவே 5 மஞ்சாடி. இந்த விதமாக ஈசுவரன் பிறவி பிறவியாக ஒற்றி எடுத்துச் சேர்க்கிறான்.

உவமையின் சாமர்த்தியம் எடையில் மட்டும் இல்லை. கல்லில் தங்கிய துகள் யாருடையது? பொன் கொண்டுவந்தவனுடையது. அவன் அதை விட்டுவிட்டுப் போனதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கமாட்டான், அவ்வளவு சிறிது. எடுத்துச் சேர்க்கிறவன் வாணியன், சேர்ந்ததும் வாணியனுக்கே. முதல் பார்வைக்கு உவமை இங்கே பிசகுவதாகத் தோன்றும். ஈசுவரன் சேர்ப்பது ஜீவனுக்காக அல்லவா? இந்தச் சம்பிரதாயத்தில் பதில் நேர்மாறு. ஜீவன் ஈசுவரனின் சொத்து. சொத்து கைக்கு வந்து சேர்ந்தால் லாபம் உடையவனுக்கு. தொலைந்தவனைத் தேடுகிற தவிப்பும் அவனுடையது, கிடைத்தால் வரும் மகிழ்ச்சியும் அவனுடையது. ஆகவே வாணியன் உவமை கடைசி வரை பொருந்துகிறது: சேர்ப்பவனும் அவன், சேர்ந்ததை அனுபவிப்பவனும் அவன். அழுதவன் அவன் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. இழப்பு அவனுக்கு.

கடைசித் துண்டில் இரண்டு வினைகள் இருக்கின்றன. இந்தச் சுகிர்தங்களை அவன் ‘கற்பித்துக்கொள்கிறான்’. பிறகு ஒன்றைப் பத்தாகப் பெருக்குகிறான். கற்பிப்பது என்றால் இங்கே இல்லாததை இருப்பதாக ஏற்றிச் சொல்வது. ஆக, இவ்வளவு நேரம் நாம் பேசிவந்த புண்ணியம் உண்மையில் புண்ணியமே இல்லை. திண்ணை சூதாட்டத்துக்குக் கட்டியது, ஊர்ப் பெயர் பஸ்ஸுக்காகச் சொன்னது. அவற்றைப் புண்ணியம் என்று எழுதியவன் அவன். எழுதிய கையோடு பக்கத்தில் ஒரு சுழியைச் சேர்த்தவனும் அவனே. வேறு எந்தக் கணக்குப்பிள்ளை இதைச் செய்தாலும் வேலை போய்விடும். சொன்ன வாய், கட்டின கை, நடந்த கால் எல்லாம் அவனே கொடுத்தவை என்று நூல் இதற்கு முன்பே சொல்லிவிட்டது. போட்ட முதலும் அவனுடையது, எழுதிய வரவும் அவனுடையது.

இதனால்தான் உபன்யாச மேடைகளில் இந்த வாக்கியத்தைச் சுலபமான சேமிப்புத் திட்டமாகச் சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. ‘ஒரு ரூபாய் உண்டியலில் போடுங்கள், உங்களுக்கே தெரியாமல் எங்கோ போய்ச் சேரும்’ என்று சொல்வதில் தவறு அந்த ஒரு ரூபாயில் இல்லை. போடுகிறவருக்குத் தெரிந்துவிட்டதே! தெரிந்து போட்டது தர்மக் கணக்குக்குப் போகட்டும், அதுவும் நல்லதே. ஆனால் அஜ்ஞாத சுகிர்தத்தைக் குறிவைத்துச் செய்ய முடியாது; குறிவைத்த கணத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. கோயில் குழல்விளக்குகளில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். அந்த உபயதாரருக்கு உரியது அவருக்குக் கிடைக்கும். ஏணி போட்டு அதை மாட்டிவிட்டு, கூலி குறைவு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போன எலக்ட்ரீஷியன்தான் இந்த வாக்கியத்துக்கு ஏற்ற ஆள். அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடாமல் இருந்தால் சரி.

விளக்கு என்றதும் நூலின் அடுத்த சூத்திரத்தைச் சொல்லிவிடலாம். மேற்சொன்னதை விரிவாகப் பார்க்க லலிதையின் கதை முதலானவற்றைப் பார் என்று லோகாசாரியர் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். லலிதை விதர்ப்ப மன்னனின் மகள். ஓர் அரசனின் பட்டத்தரசி. ஆயிரம் விளக்கேற்றி வழிபடுகிறவள். இதென்ன இவ்வளவு ஈடுபாடு என்று மற்ற மனைவியர் கேட்க, அவள் முற்பிறவியைச் சொல்கிறாள். அப்போது அவள் ஒரு விஷ்ணு கோயிலில் இருந்த பெண் எலி. அணையப்போன விளக்கின் திரியைக் கவ்வி இழுத்தாள். பூனை கத்தியது. பயத்தில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிந்தது, எலி செத்துப்போனது. திருட வந்த இடம். விளக்கை அணைக்கப் பார்த்த செயல். தீமைக்கு நல்ல பெயர் வைப்பதற்குச் சாட்சியாக, எல்லாப் புராணங்களையும் விட்டுவிட்டு இந்த எலியைக் கூப்பிட்டது அவ்வளவு பொருத்தம்.

இந்த எலிக்குச் சைவத்தில் ஓர் உறவுக்காரர் உண்டு. மெய்கண்டார் மரபினர் சிவபுண்ணியத்தைப் புத்தி பூர்வம், அபுத்தி பூர்வம் என்று இரண்டாக வகுப்பார்கள். அறியாமல் செய்ததும் பக்குவத்துக்கு ஏணியாகும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கான தலம் வேதாரணியம் எனும் திருமறைக்காடு. நெய் குடிக்க வந்த எலி அங்கே மூக்கால் திரியைத் தூண்டிவிட்டது, சிவபெருமான் அதை அடுத்த பிறவியில் மூவுலகாளும் மாவலியாக்கினார் என்று தலபுராணம் சொல்லும். திருநாவுக்கரசரும் இதைக் குறிப்பிடுகிறார். அந்த மாவலியிடம்தான் பிறகு பெருமாள் குள்ளனாக வந்து மூன்றடி மண் கேட்டுக் கை நீட்டினார். சிவன் கோயிலில் எழுதிய வரவை வாங்கிக்கொள்ள விஷ்ணு நேரில் வந்த அந்தக் கதையை இரண்டு சமயத்து உரைகாரர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.